12 கிலோமீட்டர் என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் போதும், வார இணைப்புகளில் இத்தாலியின் சிங்க்வே தெர்ரே பற்றி ஒரு கட்டுரையாவது வந்துவிடுகிறது. கடலோரம் ஐந்து கிராமங்கள், நடுவில் நடைபாதை, மொத்தம் 12 கிலோமீட்டர், காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடித்துவிடலாம் என்று எல்லாவற்றிலும் அதே நாலு வரிதான். இதைப் படித்துவிட்டு ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்திலிருந்தும் நண்பர்கள் ஆறு பேர், எட்டுப் பேர் என்று சேர்ந்து கிளம்புகிறார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நடக்கிற தூரம்தானே என்பது அவர்கள் மனக்கணக்கு. தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் காசிமேடு முதல் எண்ணூர் வரை தரை ஒரே மட்டம். அங்கே நூறு அடி சமதரை கிடைப்பதே அபூர்வம். அதைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்வதால்தான் முட்டி வீங்கி, கால் நகம் கறுத்து, மூன்றாம் நாளே அறையில் படுத்துக்கொள்கிற நிலை வருகிறது. நடைப் பயணத்தில் அக்கறை உள்ள வடசென்னைக்காரர்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். சற்று நீளமாக இருந்தாலும் வெளியிட வேண்டுகிறோம்.

மேற்கிலிருந்து கிழக்காக மொன்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே ஆகியவைதான் அந்த ஐந்து ஊர்கள். லிகூரியா மாநிலம், லா ஸ்பேட்சியா மாவட்டம். 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1999-ல் தேசியப் பூங்கா ஆனது. மலை நேரே கடலில் இறங்குகிற இடம் இது. ஒவ்வொரு ஊரும் ஓர் ஓடைப் பள்ளத்தில் அல்லது பாறை முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்குப் போக, நடுவிலுள்ள முதுகை ஏறி இறங்கியே ஆகவேண்டும். ஆகவே 'கடலோரப் பாதை' என்ற பெயரை நம்பிவிடக்கூடாது; கொர்னீலியாவுக்கும் வெர்னாட்சாவுக்கும் இடையில் ப்ரேவோ என்ற இடத்தில் அந்தக் கடலோரப் பாதை 200 மீட்டர் உயரத்தைத் தாண்டுகிறது.

அந்த 12 கிலோமீட்டரை முழுசாக நடக்கவே முடியாது என்பதையும் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. மனரோலா–கொர்னீலியா கடலோரப் பகுதி மண்சரிவால் பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கிறது. ரியோமஜோரே–மனரோலா இடையிலான 'காதல் பாதை' 2012 செப்டம்பரில் பாறை விழுந்து நாலு பேர் காயமடைந்தபின் மூடப்பட்டு, 2024-ல்தான் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான இந்தச் சமதரைப் பாதைக்கு நேரம் குறித்த முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. பதிவு கிடைக்காதவர்களுக்கு 531 என்ற எண்ணுள்ள பெக்காரா பாதை இருக்கிறது. தூரம் கொஞ்சம்தான், ஆனால் வீட்டு மாடிப்படிபோல் நெட்டுக்குத்தாக ஏறி, அதேபோல் இறங்கும். மழை பெய்து ஈரமாக இருந்தால் அதில் இறங்க வேண்டாம், ரயில் இரண்டு மூன்று நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

மனரோலாவிலிருந்து கொர்னீலியா போக இப்போதுள்ள வழி, மேலே வொலாஸ்த்ரா என்ற சிற்றூருக்கு 300 மீட்டருக்கு மேல் ஏறி, திராட்சைத் தோட்டங்களின் விளிம்பிலேயே நடந்து, காட்டுக்குள் இறங்குவது. ஏறக்குறைய 6 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். எங்களைக் கேட்டால் ஐந்து ஊர்ப் பாதைகளில் இதுவே சிறந்தது. கூட்டமும் குறைவு, கட்டணமும் இல்லை. ஏற்றம் முடியாதவர்கள் மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ராவுக்குப் போகும் சிறு பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து நடக்கலாம். கட்டண அட்டை தேவைப்படுவது மொன்தெரோஸ்ஸோ–வெர்னாட்சா, வெர்னாட்சா–கொர்னீலியா பகுதிகளுக்கு. அட்டையில் இரண்டு வகை. ஒன்று பாதைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும், மற்றொன்றில், ஐந்து ஊர்களுக்குக் கிழக்கே உள்ள லா ஸ்பேட்சியாவுக்கும் மேற்கே உள்ள லேவந்தோவுக்கும் இடையே ஓடும் ரயிலும் சேரும். ஒரே நாளில் ரயிலில் மூன்று முறைக்கு மேல் ஏறி இறங்குவதாக இருந்தால் ரயில் அட்டையே லாபம். வெறும் ஏற்ற நடைக்குப் போகும் நாளில் அது வீண்செலவு.

கணக்குப் போடுவது எப்படி என்று பார்ப்போம். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றைக்கும் பயன்படுகிறது: சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இது பழகிய காலுக்கு. மலை பழகாத சென்னைக்காரர்கள் 4 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 300 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். லேவந்தோவிலிருந்து மெஸ்கோ முனை வழியாக மொன்தெரோஸ்ஸோவுக்குச் சுமார் 8 கிலோமீட்டர், 300 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஆக மூன்று மணி நேரம். அங்குள்ள பாதைப் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைத்தான் சொல்லும். அந்த நேரத்தில் ஓய்வும் சாப்பாடும் சேராது. மொன்தெரோஸ்ஸோ–வெர்னாட்சா வெறும் மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனாலும் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு காரணம், படிகள் கோயில் படிபோல் ஒரே அளவில் இல்லை. ஒன்று நாலு விரல் உயரம், அடுத்தது ஓர் அடி, அதற்கடுத்தது தேய்ந்து சரிந்த கல். காலுக்குத் தாளம் பிடிபடாது. இன்னொரு காரணம், இருவர் ஒதுங்க இடமில்லாத அகலத்தில் எதிரே வருபவர்களுக்கு நின்று நின்று வழிவிட வேண்டும். காலை எட்டு மணிக்குள் தொடங்கினால் இந்த இரண்டாவது தொல்லை பாதியாகக் குறையும்.

கொர்னீலியாதான் கடலில் கால் வைக்காத ஒரே ஊர். சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு லர்தரீனா என்ற செங்கல் படிக்கட்டு, 33 அடுக்குகளாக வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏறக்குறைய 380 படி. திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படி என்று நமக்குத் தெரியும். அதற்கு ஒரு கைப்பிடி கூட. வெயிலில் இதை ஏறி முடித்துவிட்டு உடனே வெர்னாட்சா பாதையைப் பிடிப்பவர்கள் ப்ரேவோவுக்குள் தண்ணீரைக் காலி செய்துவிடுவார்கள். ஸ்டேஷன் வாசலில் ஊருக்குப் போகும் சிறு பஸ் நிற்கும். நடை நாளில் அதில் ஏறிப்போய், காலின் தெம்பைப் பாதைக்கு மிச்சம் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை.

பயிற்சிக்கு நம் வடசென்னையில் மேடே கிடையாது. பூங்காவில் பத்துச் சுற்று, கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் என்பதெல்லாம் உடம்புக்கு நல்லது. இந்தப் பயணத்துக்குப் பயிற்சி ஆகாது. ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசை அதில் நுண்ணிய அளவில் கிழிந்து, வலி ஒருநாள் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதனால்தான் முதல் நாள் 'ஒன்றுமே இல்லை' என்றவர் மூன்றாம் நாள் படியில் பக்கவாட்டாக இறங்குகிறார். இதற்குப் பத்து வாரப் பயிற்சி போதும். வீட்டில் ஒரு மாடி சுமார் 3 மீட்டர். 300 மீட்டர் என்றால் நூறு மாடி. நாலு மாடிக் குடியிருப்பில் 25 முறை ஏறி இறங்கினால் கணக்கு முடிந்தது. ஐந்து முறையில் தொடங்கி வாரம் இரண்டு நாள், மெல்லக் கூட்டிக்கொண்டே போகலாம். லிப்டில் இறங்கினால் பயிற்சியின் பாதி போய்விடும். ஆறாவது வாரத்திலிருந்து ஞாயிறு காலை பெரம்பூரில் மின்சார ரயில் ஏறித் திருத்தணி போய் வாருங்கள். படியை இரண்டு முறை ஏறி இறங்குங்கள். கடைசி இரண்டு வாரம் சோளிங்கர். பெரிய மலைக்கு 1,305 படி. படி ஒன்றுக்கு 17 சென்டிமீட்டர் என்று வைத்தாலே 220 மீட்டர் ஆகிறது. இப்போது ரோப் கார் வந்துவிட்டது, ஆனால் இந்தக் காரியத்துக்கு ஏறவும் கால்தான், இறங்கவும் கால்தான். பயணத்தில் சுமக்கப்போகும் அதே பையில், தண்ணீரோடு 6 கிலோ வைத்துக்கொண்டு போகவேண்டும். முட்டித் தேய்மானம், இதயக் கோளாறு, கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்தான் இதைத் தொடங்க வேண்டும்.

ஷூவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் காலை வாருவது அதுதான். நாலைந்து வருஷம் முன் வாங்கி, இரண்டு முறை போட்டு, பெட்டியோடு பரணில் வைத்த ஷூ வெளியிலிருந்து பார்க்கப் புதுசு போலவே இருக்கும். அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் பல ஷூக்களில் பாலியூரித்தேன் நுரை இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் ரசாயனப் பிணைப்பைச் சிறுகச் சிறுக உடைக்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் வீடுகளில் ஈரத்துக்கா பஞ்சம்? போடாமல் வைத்தால் கெடாது என்று நினைப்போம். உண்மையில் சும்மா கிடக்கும் ஷூதான் சீக்கிரம் கெடும். மலையில் முதல் ஒரு மணி நேரத்திலேயே அடிப்பாகம் முழுசாகக் கழன்று, செருப்புபோல் தட்டத் தொடங்கும். கிளம்பும் முன் கட்டைவிரலால் பக்கவாட்டு நுரையை அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, பிசுபிசுப்பாக ஒட்டினாலோ அதை எடுத்துப்போகாதீர்கள். பசை போட்டு ஒட்டினாலும் நிற்காது, ஏனென்றால் கெட்டுப்போனது பசை அல்ல, நுரையே. வழியில் கழன்றுவிட்டால் ஊர் வரை சமாளிக்க, தண்ணீர் பாட்டிலில் இரண்டு மீட்டர் துணி டேப் சுற்றி வைத்திருங்கள்.

புதுசு வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நடைக்குப் போடப்போகும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு அளவு பாருங்கள். கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். இல்லையென்றால் படியில் நின்று முன்பக்கம் உதைத்துப் பாருங்கள். விரல் முட்டினால் அது சின்ன அளவு. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அப்படி முட்டி முட்டித்தான் நகம் கறுக்கிறது. கணுக்கால் பக்கம் கயிற்றை இரண்டு சுற்று முறுக்கி இறுக்கிவிட்டால் குதிகால் அசையாமல் நிற்கும், விரல் முன்னால் வழுக்காது. பருத்தி சாக்ஸ் வேண்டாம். அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், தோல் ஊறும், ஊறிய தோல் உரசினால் கொப்புளம். செயற்கை நூல் அல்லது மெல்லிய கம்பளி நல்லது. எங்காவது சுடுகிற மாதிரி இருந்தால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டவேண்டும், கொப்புளம் வந்தபிறகு ஒட்டி என்ன பயன்? ரப்பர் செருப்போடு பாதையில் இறங்குபவர்களுக்கு 50 முதல் 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-லேயே அறிவித்திருக்கிறார்கள். வழுக்கி விழுந்தவர்களைத் தூக்கிவந்து அலுத்துப்போன மீட்புப் படையினரின் கோரிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது.

எப்போது போவது? ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, பிறகு செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். நாம் சென்னை வெயிலில் 300 மீட்டர் ஏறுவதில்லை. தலைக்கு 2 லிட்டர் தண்ணீர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வேண்டும். ஊர்க் குழாய்களில் 'பொத்தாபிலே' என்று இருந்தால் குடிக்கலாம். அதற்கு முன் 'நோன்' என்று சேர்த்திருந்தால் கூடாது.

அக்டோபர், நவம்பரில் ஆபத்து வேறு. வெதுவெதுப்பான கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, கரையை ஒட்டியே நிற்கும் மலையில் மோதி ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். 2011 அக்டோபர் 25 அன்று அப்படிப் பெய்த மழையில் மலைச்சரிவே ஓடையில் இறங்கி வந்தது. வெர்னாட்சாவின் தெரு மண்ணாலும் கல்லாலும் கார்களாலும் நிறைந்தது, மொன்தெரோஸ்ஸோவிலும் அதே கதி, உயிர்கள் போயின. அங்கும் நம் வானிலை மையம் போலவே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறார்கள். ஆரஞ்சு வந்தால் பூங்காப் பாதைகளை மூடுவார்கள். காலையில் வானம் வெளுத்திருக்கிறதே என்று சங்கிலியைத் தாண்டிப் போகாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் தண்ணீரில் நின்றவர்களுக்கு ஆரஞ்சு, சிவப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சரிவு ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்பது அங்குள்ள சுவர்களைப் பார்த்தால் புரியும். மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு கல் சுவர் எழுப்பித் திராட்சை வைத்திருக்கிறார்கள். சுவரில் சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லோடு கல் பூட்டி நிற்கிறது. பின்னால் சிறுகல் நிரப்பியிருப்பார்கள். மழைத்தண்ணீர் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியேறிவிடும், மண் மட்டும் நிற்கும். சிமெண்ட் பூசினால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, சுவர் வயிறு தள்ளி ஒருநாள் பிளந்துவிடும். இப்படிச் சுவர் எழுப்பும் கலையை 2018-ல் யுனெஸ்கோ தனியாகப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியோடு வேறு சில நாடுகளுக்கும் அதில் பங்கு. இளைஞர்கள் வேலை தேடிப் போய்விட, கைவிடப்பட்ட தோட்டங்களில் ஒரு கல் விழுந்தால் எடுத்துவைக்க ஆள் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் மலை இறங்குகிறது. ஆகவே படம் எடுக்க அந்தச் சுவர்மேல் ஏறாதீர்கள், உட்காராதீர்கள், குறுக்குவழி என்று தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். நாம் அசைக்கிற ஒரு கல்லைத் திரும்ப வைக்க ஒரு முதியவர் 200 மீட்டர் ஏறி வரவேண்டும்.

தங்குவதற்கு லா ஸ்பேட்சியா அல்லது லேவந்தோவே வசதி. ஐந்து ஊருக்குள் தங்கினால் வாடகையும் கூடுதல், சக்கரப் பெட்டியைப் படியில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறவும் வேண்டியிருக்கும். ரயிலில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்தவேண்டும். போனில் வாங்கியதானால் 'செக்-இன்' செய்யவேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள். வெர்னாட்சாவில் பிளாட்பாரத்தின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் இருக்கிறது. வெளியே இருட்டு, ஸ்டேஷன் வரவில்லை என்று உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஊரில்தான் இறங்கலாம். இருட்டாக இருந்தாலும் கதவைத் திறந்து இறங்குங்கள். 'ஷோப்பெரோ' என்றால் வேலைநிறுத்தம். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாத ரயில்கள் ஓடும். அன்றைய நடையை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம்.

கூட்டமாகப் போவதில் ஒரு தவறு எல்லாக் குழுவிலும் நடக்கிறது. வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் நிழலில் பத்து நிமிடம் உட்காருவார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், 'வந்தாச்சா, கிளம்பலாம்' என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவருக்குப் பத்து நிமிடம், தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. மெதுவாக நடப்பவரை இரண்டாவது ஆளாக விடுங்கள், அவர் வேகமே குழுவின் வேகம். பாதை தெரிந்த ஒருவர் எப்போதும் கடைசியில் வரவேண்டும். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். பாதையில் நின்று ஓட்டெடுப்பு நடத்தினால் களைத்தவர் வாய் திறக்க மாட்டார். ஆபத்துக்கு 112, நம் நாட்டில் அழைக்கும் அதே எண். சிக்னல் இல்லாவிட்டால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று முறை கேட்டால் ஆள் வருகிறார்கள் என்று பொருள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். லிகூரியாவின் ஃபரினாத்தா நம் நாக்குக்கு அந்நியமே இல்லை: கடலை மாவு, மூன்று பங்கு தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, ஊறவைத்து, அகலமான தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். மேலே மிளகு. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. ஃபொக்காச்சா ரொட்டியைக் காலையிலேயே வாங்கிப் பையில் வைத்தால் மதியம் வரை தாங்கும். மதியம் இரண்டரைக்கு மேல் பல அடுக்களைகள் மூடிவிடும், திறக்க ஏழரை ஆகும். சுத்த சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெஸ்தோ என்ற அரைத்த விழுது பச்சையாக இருக்கிறது, துளசி வாசம் வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். அதில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். பூண்டும் உண்டு; சவுகார்பேட்டை நண்பர்கள் கவனிக்கவும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மொன்தெரோஸ்ஸோ ஒரு வரம். அங்கே பேர்போனது நம் நெத்திலியின் உறவுக்கார மீன்; உப்பில் அடுக்கி வாரக்கணக்கில் கனம் வைத்து அழுத்தி, பிறகு எண்ணெயில் போட்டுத் தருவார்கள். காசிமேட்டு மூக்குக்கு அந்த வாசனை உடனே பிடிபடும்.

கடலோரம் பழகியபின் மலைக்குப் போக ஆசை வருவது இயல்பு. மொன்தெரோஸ்ஸோ கடற்கரையிலிருந்து நேரே 800 மீட்டர் மலைக்குத் தாவ வேண்டாம். போர்த்தோவேனெரேயிலிருந்து ரியோமஜோரேவுக்குப் போகும் நாளை நடுவில் வையுங்கள்: 500 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கும் ஐந்து மணி நேரப் பாதை, நடுவில் கம்பீலியா என்ற ஒரே ஊர். அதில் தெம்போடு முடித்தவர்கள் அபுவான் ஆல்ப்ஸ் பக்கம் பார்க்கலாம். கராரா பளிங்கு வெட்டும் மலை அதுதான். தூரத்திலிருந்து பனி போலத் தெரிவது பளிங்குத் தூள். இத்தாலிய மலையேறும் கழகம் 1863-ல் தொடங்கியது. பாதைகளுக்கு அவர்கள் போடும் சிவப்பு-வெள்ளைக் கோடும், வரைபடத்தில் தரும் எழுத்தும்தான் நமக்கு வழிகாட்டி. டி என்றால் சுலபம், ஈ என்றால் சாதாரண மலைப்பாதை, இரண்டு ஈ போட்டிருந்தால் பழகியவர்களுக்கு மட்டும், அதோடு ஏ சேர்ந்தால் கயிறும் தலைக்கவசமும் வேண்டும். நம் ஊரிலிருந்து முதல்முறை போகிறவர்கள் ஒற்றை ஈயோடு நின்றுகொள்வது நல்லது. 1,858 மீட்டர் உயரமான பானியா தெல்லா க்ரோச்சே சிகரத்தில் வசந்தம் வரை கெட்டிப்பனி கிடக்கும், அதில் வழுக்கினால் நிற்க இடமில்லை. ஜூனுக்கு முன் வேண்டவே வேண்டாம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் மதியத்துக்குள் மேகம் ஏறிவிடும், பின்னாலேயே இடி. விடிகாலையில் தொடங்கி மதியத்துக்குள் உச்சியிலிருந்து இறங்கிவிட வேண்டும். மலை விடுதிகளில் போர்வை தருவார்கள், உறைபோன்ற துணி விரிப்பை நாம் கொண்டுபோக வேண்டும். இரவுச் சாப்பாடு ஒரே நேரம், ஏழு ஏழரைக்கு. முன்பதிவும் ரொக்கமும் அவசியம்.

விசாவுக்கு: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கோடைக்கு மூன்று மாதம் முன்பே தேதி வாங்கிவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் விசாவுக்குப் போதுமான காப்பீடு மலைக்குப் போதாமல் போகலாம். விலக்குகள் பகுதியில் மலை நடை, ஹெலிகாப்டர் மீட்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நண்பர்கள் ஒன்றாகப் போனாலும் ஒவ்வொருவர் காகிதமும் தனித்தனி. எட்டுப் பேருக்கும் ஒருவர் பெயரில் அறை போட்டால், மற்ற ஏழு பேரின் பெயரும் அந்த முன்பதிவுத் தாளில் இருக்கவேண்டும்.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு நடைப் பயணம் பற்றி வெளியிடும்போது, கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், பாதையின் எண்ணும் தர எழுத்தும் என்ன, எந்தப் பகுதி மூடியிருக்கிறது, அந்தத் தகவல் எந்த மாதத்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கொல்லிமலை, வெள்ளியங்கிரி, நாகலாபுரம் என்று எழுதினாலும் அப்படியே செய்யலாம். கூடவே இன்னொரு வரி: இந்தக் கட்டுரைகளில் வழக்கமாக வருகிற, கடல் பாறைமேல் வண்ண வண்ண வீடுகள் அடுக்கிய மனரோலா படத்தை எடுக்கும் இடம் புந்தா பொன்ஃபீலியோ. மனரோலா ஸ்டேஷனிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை, மலை ஏறத் தேவையில்லை. முட்டி வலிக்கிற அப்பா அம்மாவை ரயிலிலேயே கூட்டிப்போய் அந்தக் காட்சியைக் காட்டிவிட்டு வரலாம் என்று படத்துக்குக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
நடை நண்பர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.